குடங்களைத் தடுத்தவள்

"அங்கிட்டே நில்லுங்க. ஒரு ஆளும் பக்கத்துல வரப்படாது."

முழங்கையில் சிராய்ப்போடு கருவேலங்குச்சியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்ற அந்த அம்மாளைப் பார்த்ததும் ஐயனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வல்லத்திராக்கோட்டை வளைவில் டேங்கர் லாரி ஒன்று சாய்ந்து கிடக்கிறது, அதிலிருந்து டீசல் கொட்டுகிறது என்று சேதி வந்ததும், பம்புசெட்டுக்கு ஆகுமே என்று இரண்டு குடங்களோடு ஓடி வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் பாதி ஊரே குடமும் கையுமாக நின்றது.

"எந்த ஊரும்மா நீ? எங்க ஊர்ல வந்து சட்டம் பேசுற?"

"எந்த ஊரா இருந்தா என்ன? டேங்குக்குப் பின்னால செவப்புக் கட்டத்துல தீப் படம் போட்டிருக்கு பாரு. ஒரு பொறி பட்டா ஊரே போயிரும். தள்ளிப் போயி ஃபயர் சர்வீசுக்குப் போன் போடு."

"போன் எல்லாம் போட்டாச்சு. இந்தம்மா தான் மட்டும் ஒத்தையா அள்ளிக்கலாம்னு பாக்குது," என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

ஐயனார் வேறு வழியில் மடக்கினான். "டிரைவர் உள்ள மாட்டிக்கிட்டு முனகுறான். அவனைத் தூக்கவாவது விடுவியா?"

அவள் குச்சியை இன்னும் இறுகப் பிடித்தாள். "அதுவும் வேணாம்பா. ஃபயர்க்காரங்க வந்து தூக்கட்டும்."

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா? ஒனக்குப் புள்ளகுட்டி இல்லையா?"

அவள் குச்சியை இறக்கவில்லை. அரை மணி நேரம் அத்தனை பேரின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, லாரிப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாமல் நின்றாள். அப்படி நிற்பதற்கு ஒரு நெஞ்சு வேண்டும்.

தீயணைப்பு வண்டி வந்தது. எங்கும் நுரையைப் பீய்ச்சிவிட்டு, கேபினை அறுக்க ஆட்களை அனுப்பிய அதிகாரி கோபிநாத் கூட்டத்தின் பக்கம் வந்தார்.

"இது டீசல் இல்லய்யா. பெயிண்ட் தின்னர்ல சேர்க்கிற கெமிக்கல். எவனாவது பீடி பத்த வச்சிருந்தா இங்க ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டீங்க."

ஐயனாரின் கை தானாகச் சட்டைப்பைத் தீப்பெட்டியைத் தொட்டது. குடங்களைக் கீழே போட்டுவிட்டு அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"உங்க பேரு என்னம்மா? படிச்சவங்களே அந்தப் படத்தைக் கவனிக்க மாட்டாங்க. உங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார் கோபிநாத்.

"பொன்னுத்தாய் சார்," என்றவள் அப்போதுதான் குச்சியைக் கீழே போட்டாள். லாரிப் பக்கம் திரும்பினாள். முகம் முழுக்கப் பெருமை பொங்கியது.

"அந்தா ஸ்ட்ரெச்சர்ல வாரான் பாருங்க டிரைவரு, அவன் எம் மவன். அவன்தான் சொல்லிக்கொடுத்தான். வண்டி சாஞ்சா என்னைப் பாக்காத ஆத்தா, மொதல்ல சனத்தைத் தடுன்னு சொல்லித்தான் காலையில என்னை ஏத்திட்டு வந்தான்."