மடுவத்துப் பாய்

"மூணே நாளுங்கம்மா. மாசத்துல மூணு நாளு. அதக்கூட சாமி எனக்குக் குடுக்க மாட்டேங்குது."

1954 கார்த்திகை. பதுளைக்கு மேலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்துச் சாலையில், முதுகுக் கூடையை இறக்காமலே நின்று பேசினாள் ஜெயலெட்சுமி. மருத்துவிச்சி சத்தியபாமா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஐந்தே நாள்.

"கூடையை இறக்கிப்போட்டு இரும் பிள்ளை. எவ்வளவு காலமா ஒழுங்கா வரேல்லை?"

"ஆடியில ஒருக்கா வந்துச்சு. பொறகு பொரட்டாசியில. மடுவத்துல பாய் சுருட்டுனபடியே கெடக்குங்க."

விலக்கு நாட்களில் பெண்கள் நெருப்பையும் குடத்தையும் தொடாது, லயத்து வீட்டு வரிசைக்கு அப்பால், முன்பு கொழுந்து நிறுத்த கொட்டகையான பழைய மடுவத்தில் ஒதுங்கியிருப்பது அங்கு வழக்கம்.

"ஒருவேளை வயிற்றில..."

"பெரியாஸ்பத்திரியில சோதிச்சிட்டாங்கம்மா. வயித்துல ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

சொல்லும்போதே அவள் பார்வை சன்னலுக்கு வெளியே போயிற்று. கருவறைத் திரைபோல் வெண்பனி இறங்கி, நமுனுகுலை மலையை மெல்ல மறைத்துக்கொண்டிருந்தது.

"கலியாணம் முடிச்சு எத்தனை வருஷம்?"

"பதிமூணுங்க."

அடுத்த கேள்வியைச் சத்தியபாமா நாவிலேயே நிறுத்திக்கொண்டாள். கேட்டுத்தான் புண்ணைக் கிளற வேண்டுமா?

"மாமி ஏதும் சொல்லுறவவோ?"

"சொல்லவே வேணாம். வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சா எல்லாரும் என் கையத்தான் பாக்குறாங்க."

வெறுங்கை. சத்தியபாமாவின் உள்ளம் நெகிழ்ந்தது. தாயாகி வந்து பேறு பார்த்த இறைவனை மனத்துக்குள் வணங்கிவிட்டு, அவளருகே அமர்ந்தாள்.

"பெண்ணுடம்பில சுரக்கிறதைப் போல ஒரு சத்து சில செடியளிலயும் இருக்குதெண்டு, நான் படிக்கேக்க டொக்டர் ஒருவர் சொன்னவர். எள்ளிலயும் இருக்காம். கறுப்பெள்ளை வறுத்து, கித்துள் கருப்பட்டியோட இடிச்சு உருட்டி, நாளுக்கு ரெண்டு சாப்பிடும். எல்லாருக்கும் கேக்குமெண்டு சொல்லேலாது. கேட்டால் ஒழுங்கா வரும்."

"ஒழுங்கான்னா, மாசா மாசமா?"

"மாதா மாதம்."

"மூணு நாளும்?"

"மூண்டு நாளும்." சத்தியபாமா புன்னகைத்தாள். "முதல்ல அது சரியாகட்டும். மற்றது தானா நடக்கும்."

"மத்தது வேணாங்கம்மா. இது போதும்."

ஏங்கி ஏங்கி அலுத்தவளின் அடக்கம் என்று எண்ணினாள் சத்தியபாமா.

மார்கழியில் ஒரு ஞாயிறு விடியல். ஜெயலெட்சுமி மடுவத்தில் இருக்கிறாள் என்ற செய்தி கேட்டு, சத்தியபாமா பனியினூடே நடந்தாள். தேயிலைச் செடிகள் நீரில் மிதப்பனபோல் தோன்றின. உறங்கும் பெண்களைத் துயிலெழுப்பும் பாட்டு கோயிலிலிருந்து மிதந்து வந்தது. மடுவத்தில் விரித்த பாயின்மேல், அப்பாட்டுக்கெல்லாம் எட்டாத ஓர் உலகில், இதழில் முறுவல் மாறாமல் கிடந்தாள் ஜெயலெட்சுமி.

வெளியே, இடுப்பில் தண்ணீர்க் குடமும் முகத்தில் கரியுமாக மாமியார் வேலாயி வந்து நின்றாள்.

"எழுப்பாதீங்கம்மா. எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டா. நேத்துலேருந்து தண்ணியும் நான்தான், அடுப்பும் நான்தான்."

"பாவம், விடுங்கோ ஆச்சி. கடவுள் கண் திறப்பார். வாற மார்கழிக்கு உங்கட மடியில ஒரு பேரப்பிள்ளை தவழும்."

குடம் வேலாயியின் இடுப்பிலிருந்து நழுவப் பார்த்தது.

"இன்னொண்ணா? இவ பெத்துப்போட்ட ஏழு புள்ளைங்களுக்கும் கஞ்சி ஊத்தியே என் முதுகு விட்டுப்போச்சும்மா."

பாயில் ஒரு கண் மட்டும் திறந்தது. "அம்மா, அடுத்த மாசமும் தவறாம வந்துருமில்ல?" என்று கேட்ட ஜெயலெட்சுமி, விடை வருமுன்னே மீண்டும் உறங்கிப்போனாள்.