ஆணியில் தொங்கிய டம்ளர்கள்

ஊர்க்காரர்களின் நினைவுகளைச் சேர்த்துப் பழைய கடைத்தெருவை வெளிச்சத்தில் மறுபடி எழுப்பிக் காட்டும் கூடத்துக்கு வைத்திலிங்கம்தான் பொறுப்பாளர். அந்தத் தெருவில் அவருடைய தாத்தாவின் டீக்கடையும் உண்டு. சேரியிலிருந்து வருகிறவர்களுக்கென்று அதன் வாசல் ஆணியில் தனி டம்ளர்கள் தொங்கும். குடித்தவர்களே கழுவி மாட்டிவிட்டுப் போகவேண்டும். திறப்புவிழாவுக்கு முன்பே வைத்திலிங்கம் அந்த டம்ளர்களைக் காட்சியிலிருந்து அழித்துவிட்டார். வெளியே குந்திக் குடித்தவர்களையெல்லாம் உள்ளே பெஞ்சில் உட்காரவைத்தார். ஊர் பேர் கெடக்கூடாது, அவ்வளவுதான்.

இன்று மாசிலாமணி தன் மகள் பியூலாவோடு வந்திருந்தார். அவரும் நினைவு கொடுத்தவர்தான். தெரு எழுந்தது. பத்து வயது மாசிலாமணி பெஞ்சில் காலாட்டிக்கொண்டு டீ குடித்தான். கடைக்காரர் சிரித்தபடி அவனுக்கு பன் கொடுத்தார்.

"என்னப்பா, தெருவுல குந்தித்தான் குடிச்சேன்னு சொல்லிச் சொல்லி அழுவீங்க. இங்க ராஜா மாதிரி உக்காந்திருக்கீங்க?" பியூலா வைத்திலிங்கத்திடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சார், எது நிஜம்?"

வைத்திலிங்கத்துக்கு முகம் எரிந்தது. "பதிவுல இப்படித்தாம்மா இருக்கு" என்றார், தரையைப் பார்த்து.

வெளிச்சத்தில் அந்தச் சிறுவன் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து ஓடினான். பெரியவர் மாசிலாமணி பதறிப்போய், கைநீட்டி அந்த டம்ளரைத் துழாவினார். வைத்திலிங்கம் கூசிப்போய்க் கண்களை மூடிக்கொண்டார். பெரியவரின் குரல் மட்டும் கேட்டது.

"டேய், கழுவி வெச்சுட்டுப் போடா. ஆணியில மாட்டுடா. அடிப்பாங்கடா."