நண்பர் பிரதி

"மேல இருக்கிறதுதான் புதுசு. அதை அமுக்கு," என்றான் எல்வின்.

யெசெனியா திரையைப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே இரண்டு கோப்புகள் காத்திருந்தன. ஒரே பெயர், ஒரே பக்க எண்ணிக்கை, ஒரே கட்டணம். அவள் அட்டையில் ஒன்றுக்குத்தான் காசு இருந்தது. அட்டைக்குப் பணம் ஏற்றும் ஜன்னல்காரி சாப்பிடப் போயிருந்தாள். எல்வினின் அட்டை துடைத்துவைத்த மாதிரி காலி.

மின்சாரம் போய் அப்போதுதான் திரும்பியிருந்தது. கணினிக் கூடத்தில் எல்லோருக்கும் அவசரம்.

"திரையில படமா ஓடுது? அமுக்கிட்டு நகரு தாயி," என்றான் பின்னால் நின்றவன்.

அவள் அட்டையைத் தேய்த்து, மேலே இருந்ததை அமுக்கினாள். பிரின்டர் முனகிவிட்டுத் தாள்களைத் தள்ளத் தொடங்கியது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை முடிப்பவர்கள் இரண்டு பிரதி எடுப்பார்கள். ஒன்று வழிகாட்டியின் கையெழுத்துக்கு. இன்னொன்று நண்பர்களுக்கு. அன்று மாலை பீர் கடையில் அது கைமாறிக்கொண்டே இருக்கும். ஆளுக்கொரு பக்கத்தில் கிறுக்குவார்கள். நன்றிப் பக்கத்தைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. நண்பர் பிரதியின் நன்றிப் பக்கத்தில் உண்மையை மட்டுமே எழுத வேண்டும் என்பது வழக்கம்.

யெசெனியாவும் எழுதியிருந்தாள். வழிகாட்டி டாக்டர் பனேகாஸைப் பற்றி ஒரே ஒரு வரி. அதைப் படித்தபோது எல்வினுக்குத் தின்றுகொண்டிருந்த பலேயாதா ரொட்டி புரையேறியது.

நண்பர் பிரதியை முதலில் அனுப்பிவிட்டு, பிறகுதான் டாக்டருக்கானதை அனுப்பியிருந்தாள். கடைசியாக அனுப்பியது பட்டியலில் மேலே நிற்கும். அது கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சூடு ஆறாத தாள்களை அட்டைக்கோப்பில் திணித்துக்கொண்டு ஓடினாள். ஜன்னல்காரி வந்ததும் காசு ஏற்றி இன்னொன்றை எடுத்துக்கொள்வதாக எல்வின் சொன்னான்.

டாக்டர் அன்று சாயங்காலம் ஸ்பெயினுக்குக் கிளம்புகிறார். திரும்ப ஆறு மாதம் ஆகும். இன்றைக்குக் கையெழுத்து இல்லையென்றால் இந்த வருடம் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் ஜனவரியில் துறைமுகத்து வேலையும் இல்லை. அம்மா அதை ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

டாக்டர் கோப்பை வாங்கிக்கொண்டார். நிதானமாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து போடுவேன், வெளியே உட்காருங்கள் என்றார். கதவு சாத்திக்கொண்டது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எல்வின் படியேறி வந்தான். கக்கத்தில் ஒரு கட்டுத் தாள், கையில் தனியே ஒன்று.

"ஏன்டா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

அவன் தாளை நீட்டினான். 'என் அறியாமை இருளை அகற்றிய டாக்டர் பனேகாஸ் அவர்களின் பொறுமைக்கும் ஞானத்துக்கும்...' என்று தொடங்கியது. அவள் எழுதியதுதான். கதவுக்கு உள்ளே இருக்க வேண்டிய பக்கம்.

"கரண்ட் போயிட்டு வந்தா பட்டியல் தலைகீழாயிடுமாம். ஜன்னல்காரி இப்பத்தான் சொல்றா."

"அப்ப அவர்கிட்ட இருக்கிறது?"

"நம்மளுது."

அவள் எழுந்தாள். பக்கம் மாறிவிட்டது என்று சொல்லி வாங்கிவிடு என்றான் எல்வின். அவள் கதவைத் தட்டினாள்.

"பொறுங்க. படிச்சிட்டிருக்கேன்," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். நன்றிப் பக்கம் முன்னாலேயே இருக்கிறது. இதற்குள் அதைத் தாண்டியிருப்பார். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். சொல்லத் தோதாக ஒரு வாக்கியமும் அகப்படவில்லை.

"கோபத்துல அவர் கிழிச்சே போட்டாலும் என்கிட்ட முழுசா ஒரு பிரதி இருக்கு," என்றான் எல்வின் ஆறுதலாக.

"வாயை மூடுடா."

கதவு திறந்தது. டாக்டர் கோட்டு மாட்டியிருந்தார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் அவள் கோப்பு. முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. யெசெனியா எழுந்து நின்றாள். மன்னிப்புக் கேட்பதற்கு வாயைத் திறந்தாள்.

டாக்டர் முந்திக்கொண்டார். "கையெழுத்து போட்டாச்சு. முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சேன். நன்றிப் பக்கத்தைக்கூட விடல. என்னைப் பத்தி எழுதியிருந்தீங்களே, அதைப் படிக்கிறப்பக் கண்ணு கலங்கிடுச்சும்மா."

கோப்பை அவளிடம் கொடுத்து, தோளைத் தட்டிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். சக்கரச் சத்தம் படியோடு தேய்ந்து மறைந்தது.

யெசெனியா அப்படியே தரையில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தாள். கையெழுத்து இருந்தது. முத்திரையும் தேதியும் இருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எல்வின் ஒரு தாளை உருவிவிட்டு, அந்த இடத்தில் தான் கொண்டுவந்ததைச் செருகினான்.

உருவிய தாளில் இருந்த ஒரே வரியை அவள் இன்னொரு தடவை படித்தாள்.

'இந்த ஆய்வேட்டில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் கையெழுத்து போட்ட டாக்டர் பனேகாஸுக்கு நன்றி.'