ரெண்டு லாரி

"அக்கா, நல்லாக் கேட்டியா? லாரின்னுதான் சொன்னாரா?"

"என் காதுல பஞ்சா வச்சிருக்கேன்? நேத்து சாயங்காலம் போன்ல பேசினார்டா. 'ஒரு லாரி, ரெண்டு லாரி, ரெண்டையும் எடுத்துக்கறேன். பழசா இருந்தாலும் பரவாயில்ல, தேஞ்சிருக்கக் கூடாது. காலையில வந்துடும்ல? வீட்டுல இன்னும் சொல்லல, வந்ததும் தெரியட்டும்.' இப்படித்தான், ஒரு வார்த்தை விடாம!"

அக்காவின் போன் வந்ததும் சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தான் தம்பி. அவள் சமையலறைத் தொட்டியில் சோப்புப் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் அவள் கணவர் உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டைக் கேட்கக் கேட்க அவள் இன்னும் வேகமாகத் தேய்த்தாள். மனிதர் லாரி ஓட்டிய காலத்தில்தான் அப்படிப் பாடுவார்.

பிரேக் பிடிக்காமல் லாரி பாலத்துக்குக் கீழே போய் விழுந்ததில், அவர் பிழைத்ததே மறுபிறவி. காலில் கட்டோடு படுத்துக்கொண்டு, "இனிமே லாரிகிட்டயே போக மாட்டேன்" என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். படுக்கையில் பொழுது போகட்டும் என்று அவள்தான் ஒரு நாணய ஆல்பம் வாங்கிக் கொடுத்தாள். சோவியத் யூனியன் உடைந்து பிறந்த பதினைந்து நாடுகளின் காசுகளையும் சேர்த்தே தீருவேன் என்று பிடித்தார் பாருங்கள் ஒரு பிடிவாதம்! கால் சரியாகி ஜெராக்ஸ் கடை போட்ட பிறகும் விடவில்லை. ஊதினால் பறக்கும் ஆர்மேனியாவின் அலுமினியக் காசு, மீன் துள்ளும் லாத்வியாவின் காசு எல்லாம் வந்தன. பல வருஷம் காகித நோட்டிலேயே காலத்தை ஓட்டிய பெலாரஸ் காசுகூட வந்து சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு பக்கம்தான் காலி.

அவளுக்கு அதில் ஒரு நாட்டின் பெயரும் வாயில் நுழையாது. ஆனால் அவர் லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருந்தால் போதும், ஆள் வீட்டில் பத்திரமாக இருக்கிறார் என்று நிம்மதியாக வேலையைப் பார்ப்பாள்.

"காசுப் பைத்தியம் தெளிஞ்சு, பழைய பைத்தியம் பிடிச்சிருச்சுடா. சத்தியத்தைக் காத்துல பறக்க விட்டுட்டார்!"

"சும்மா இருக்கா. நாணயம் சேர்க்கற மனுஷன் நாணயம் தவறுவாரா?"

"உனக்கு வேடிக்கையா இருக்கா? தெருமுனையில போய்ப் பாரு. சைக்கிள் திரும்பவே மூச்சு முட்டற தெரு. விடியறதுக்கு முன்னாடியே ஒரு லாரி வந்து நிக்குது!"

"அப்படியா? இரு, யாரோடதுன்னு கேட்டுட்டு வரேன்."

"வேணாம்!" அவள் போட்ட சத்தத்தில் மேடையிலிருந்த டம்ளர் உருண்டு விழுந்தது. "நீ அந்தப் பக்கமே போகாத. அது எங்கயும் போயிடாது."

"சரி, அதுக்கு ஏன் கத்தற? கை என்ன இவ்வளவு கறுப்பா இருக்கு?"

"சட்டி தேய்ச்சேன்."

அவிழ்ந்த கொண்டையை அள்ளி முடிந்தாள். அதில் செருக வேண்டிய ஹேர்பின், வளைந்து நெளிந்து ஜன்னல் ஓரத்தில் கிடந்தது.

வாசல் மணி அடித்தது. கணவர் காதில் சோப்பு நுரையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து ஓடினார்.

"வந்துடுச்சு! லாரி வந்துடுச்சு!"

அவ்வளவுதான். அவள் கூடத்துக்கு ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"என்னைக் கொன்னு போட்டுட்டு ஓட்டுங்க! உங்களை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வந்ததை இந்தக் கண்ணால பார்த்தேனே, இன்னொரு தடவை என்னால முடியாது!"

"எதை ஓட்டறது?" என்று விழித்தார் அவர். கையிலிருந்த கூரியர் உறையைப் பிரித்துக் கவிழ்த்தார். உள்ளங்கையில் இரண்டு காசுகள் விழுந்தன. "இதுல எப்படி ஏறி உட்கார்றது?"

"இது... காசு."

"ஜார்ஜியா காசு! அந்த நாட்டுப் பணத்துக்குப் பேரே லாரிதான்டி. இது ஒரு லாரி. ரெண்டு நிறத்துல இருக்கு பாரு, இது ரெண்டு லாரி. பதினஞ்சு நாடும் ஆச்சு! ஆல்பம் நீ வாங்கிக் குடுத்தது, கடைசிக் காசை உன் கையாலயே வைக்கணும்னுதான் மூச்சு விடாம இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். மலை போல வந்தது பனி போலப் போய்விட்டது.

"அரண்டவ கண்ணுக்கு இருண்டதெல்லாம் லாரி!" என்றான் தம்பி.

அவர் ஆல்பத்தைக் கொண்டுவந்து காலிப் பக்கத்தை விரித்தார். அவள் காசை எடுக்கக் கையை நீட்டியதும் அவர் மூக்கு சுருங்கியது.

"என்னம்மா இது, கையில டயர் வாசனை?"

அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அதே நேரம் தெருமுனையிலிருந்து இடி மாதிரி ஒரு குரல் வந்தது.

"எந்தப் புண்ணியவான்யா வால்வுல குத்தி முன் டயர் ரெண்டுலயும் காத்தைப் புடுங்கிவிட்டது?"

தம்பி வளைந்த ஹேர்பின்னைப் பார்த்தான். கணவர் அவள் கையைப் பார்த்தார். அவள் கெஞ்சலாகச் சொன்னாள்:

"ஏங்க, சத்தியத்தை இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஓரமா வச்சுட்டு, அந்த லாரிகிட்ட கொஞ்சம் போயிட்டு வாங்களேன்!"