அண்ணன் ஓட்டு

எண்பதாம் வருஷத் தேர்தலன்று விடியற்காலையில் விளாங்குடி விருமாண்டி செத்துப்போனார். அவரும் தம்பி நல்லகாமனும் வேறு வேறு கட்சி. அதனாலேயே பேச்சுவார்த்தை அறுந்து வருஷக்கணக்காகிவிட்டது. இழவுச் செய்தி பரவுவதற்குள் நல்லகாமன் வாக்குச்சாவடிக்குப் போய், அண்ணன் பெயரைச் சொல்லி, தன் கட்சிச் சின்னத்தில் ஒரு குத்துக் குத்திவிட்டு வந்தான். ஆள்காட்டி விரலில் வைத்த மை, எண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அந்தக் கையைத் துண்டால் மூடிக்கொண்டு இழவுப் பந்தலில் உட்கார்ந்திருந்தான்.

மத்தியானம் பிணத்தைக் குளிப்பாட்டினார்கள். சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணி அழகம்மாள் சட்டென்று நிறுத்தினாள்.

"படுக்கைய விட்டு எந்திரிக்காத மனுசன், எப்பப் போயி ஓட்டுப் போட்டாரு தம்பி?"

அண்ணனின் ஆள்காட்டி விரலில் மை ஈரமாக மின்னியது.

நல்லகாமன் துண்டை விலக்கிப் பார்த்தான். அவன் விரலில் மை இல்லை. மடக்கப் பார்த்தான். விரல் சில்லென்று விறைத்துக் கிடந்தது.