தலைகீழாய் ஒரு அட்டை

தையல்காரம்மா அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பயிற்சியாளருக்கு எரிச்சல் தாங்கவில்லை. மூன்று நாள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியது இதற்குத்தானா? பிள்ளையை ஆறு மீட்டர் தள்ளி நிறுத்து. ஒரு கண்ணை மூடச் சொல். ஆங்கில ‘E’ எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கேள். அட்டையில் இருப்பதே நாலு எழுத்து. இன்றைய தேர்வில் தேறினால்தான் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதிக்கும் வேலை.

எதிரே நின்றது அவருடைய எட்டு வயது மகள். எல்லாப் பயிற்சிக்கும் அவள்தான் மாதிரி. மகளுக்குக் கழுகுக் கண் என்று வகுப்புக்கு வகுப்பு பீற்றிக்கொள்வார்.

“வலது, மேல, இடது, கீழ,” என்று கடகடவென்று ஒப்பித்தாள் மகள்.

அட்டையைப் பிடிக்கவே தெரியாதவர் பிள்ளைகளை எங்கே பார்க்கப்போகிறார் என்று அவர் கேட்டதும் பின்வரிசையில் சிரிப்பு. மதிப்பெண் தாளில் அவள் பெயரைத் தேடிப் பேனா போனது.

“சார், பாப்பா சொன்னது சரியா?”

“அவ சரியாத்தான் சொன்னா.”

“அட்டை தலைகீழா இருக்கே சார்.”

பேனா நின்றது.

அவர் கவனிப்பதற்கு முன் முதலில் நேராகத்தான் பிடித்தாளாம். அட்டையைத் தூக்கி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டதாம். டேப்பைப் பார்க்காமல் சொல்லும் அளவை நம்பித் துணியில் கத்திரி வைத்ததே இல்லை என்றாள். அதனால்தான் திருப்பிப் பார்த்தாளாம்.

அவரே அட்டையை வாங்கினார். நேராக, தலைகீழாக, மறுபடி நேராக. மூன்று முறையும் அதே வலது, மேல, இடது, கீழ. மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பயப்படாதீங்க சார். சீக்கிரம் கண்டுபிடிச்சா முக்கால்வாசிப் பேருக்குக் கண்ணாடியே போதும்னு நீங்கதானே சொன்னீங்க,” என்றாள் தையல்காரம்மா.

அவர் தலையாட்டினார். அவள் பெயருக்கு நேரே ‘தேர்ச்சி’ என்று எழுதிவிட்டு, டாக்டருக்கு அனுப்பும் சீட்டை அவளிடமே நீட்டினார். அவள் எழுதப்போகும் முதல் சீட்டு.

பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“சரியாத் தெரியலைன்னு அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே கண்ணு?”

“நான் தப்பாச் சொன்னா, உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியலைன்னு எல்லாரும் நினைச்சுடுவாங்களேப்பா.”