அத்தைக்கு ஒரு கண்ணாடிப் பியானோ

"இதை ஒரு நாளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல வாசிக்கக் கூடாது சார்" என்றார் பழைய சாமான் கடைக்காரர்.

"வாசிச்சா?"

கடைக்காரர் ஆள்காட்டி விரலை நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "அந்தக் காலத்துல இதை வாசிச்ச பல பேருக்கு இப்படி ஆயிடுச்சுன்னு ஒரு பேச்சு. நெசமோ பொய்யோ, சொல்லிட வேண்டியது என் கடமை."

அவனுக்கு அத்தை மேல் கொள்ளைப் பிரியம். "உடனே பில் போடுங்க" என்றான்.

பார்வைக்குச் சின்னப் பியானோதான். மூடியைத் திறந்தால் கம்பிகளுக்குப் பதிலாக ஒரே தண்டில் வரிசையாகக் கோத்த கண்ணாடிக் கிண்ணங்கள். காலால் மிதித்தால் கிண்ணங்கள் சுழலும். கட்டையை அழுத்தினால் ஈரத்துணி சுற்றிய ஒரு குச்சி கிண்ணத்தின் விளிம்பைத் தொடும். டம்ளர் விளிம்பில் ஈர விரலைத் தேய்த்தால் வருமே ஒரு 'ஙொய்ங்', அதுதான் சங்கீதம்.

அத்தை நாற்பது வருடம் தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "அண்ணன் பிள்ளை இருக்கான், எனக்கென்ன குறை" என்று ஐந்து மாதங்களுக்கு முன்பு தன் மாடி வீட்டை அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பத்திரத்தில் மை காய்வதற்குள் அத்தையின் கட்டில் மாடியிலிருந்து இறங்கி, சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அத்தைக்கு மூட்டுவலி, படி ஏற முடியவில்லை என்று அவன் மனைவி தெரு முழுக்கச் சொன்னாள். தனக்கு மூட்டுவலி என்பதே அத்தைக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால் பத்திரத்தில் ஒரு வரி குறுக்கே நின்றது. 'உயிருள்ளவரை அத்தை இவ்வீட்டில் வசிக்கலாம்.' வாங்க வந்தவர்கள் எல்லாம் அந்த வரியைப் படித்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள். அத்தைக்கோ எழுபத்தோரு வயதில் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. கொஞ்சம்கூடப் பொறுப்பில்லாத ஆரோக்கியம்!

"புத்தி கலங்கிப்போச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டா, மனநல இல்லத்துல சேர்த்துடலாம். அந்த வரியைத் தாண்டிடலாம்" என்று ஒரு வக்கீல் குமாஸ்தா இலவசமாக வழி சொன்னார். அதன்பிறகுதான் அவன் அத்தைக்குப் பரிசு தேடக் கிளம்பினான்.

பியானோவைப் பார்த்ததும் அத்தையின் கண் கலங்கியது. "எனக்கா? எதுக்குடா இவ்ளோ செலவு?"

"விரல் சும்மா இருந்தா உங்களுக்குப் பிடிக்காதே அத்தை. நாள் பூரா வாசிங்க. அலுக்கவே கூடாது!"

முதல் மாதம் அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் மனைவிதான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அலைந்தாள். "என்னங்க, அவங்களுக்கு முன்னாடி எனக்கு ஆயிடும்போல இருக்கே!" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

இரண்டாவது மாதம் அத்தை ஃபிரிட்ஜுக்கு வணக்கம் வைத்தார். மூன்றாவது மாதம் பூந்தொட்டியை உட்காரவைத்துத் தட்டச்சுப் பாடம் நடத்தினார். "நிமிர்ந்து உக்காரு!" என்று அதட்டினார். புருஷனும் பெண்டாட்டியும் கதவிடுக்கில் நின்று கையைக் கோத்துக்கொண்டார்கள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மறுநாள் காலையே டாக்டர் வந்தார். அத்தை அவரையும் பூந்தொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, தொட்டிக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போட்டார்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு மாசமா டாக்டர்."

"அப்போ கவலையே வேண்டாம். மாத்திரை தர்றேன், வீட்டுலயே வச்சுப் பாத்துக்கலாம். வருஷக்கணக்குல இருந்தாத்தான் இல்லத்துல சேர்க்கணும்."

அவன் முகம் தொங்கிப்போனது. மனைவி அவன் காலை மிதித்தாள். அவனுக்கு ஞாபகசக்தி திரும்பியது.

"ஒரு மாசமா முத்திப்போயிருக்கு டாக்டர். ஆரம்பிச்சது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. வெளிய தெரிஞ்சா அத்தைக்கு அவமானம்னு மூடி மறைச்சோம்."

"அப்பவே நல்லது கெட்டது எதுவும் புரியாது டாக்டர். பேரைக் கேட்டாக்கூடத் தெரியாது" என்று மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

டாக்டர் அதை அப்படியே சான்றிதழில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

"கார்பன் வச்சு எனக்கு ஒரு காப்பி!" என்று அத்தை கையை நீட்டினார். அவன் பெருந்தன்மையாகத் தலையாட்ட, டாக்டரும் சிரித்துக்கொண்டே இன்னொன்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையுமாகக் கொடுத்தார்.

"இல்லத்துல நல்லாப் பாத்துக்குவாங்க. மூணு மாசத்துல தெளிஞ்சிடுவாங்க" என்றார்.

"அவசரமே இல்ல டாக்டர். நிதானமாத் தெளியட்டும்!"

வண்டிக்குச் சொல்ல டாக்டர் வெளியே போனார். அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சான்றிதழை ஒரு எழுத்து விடாமல் படித்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"மூணு மாசத்துல நான் தெளிஞ்சு வர்றதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் வீட்டைக் காலி பண்ணிடுங்கப்பா, ரெண்டு வருஷமாப் பைத்தியமா இருக்கிறவ எட்டு மாசத்துக்கு முன்னாடி எழுதிக் குடுத்த பத்திரம் செல்லாதாமே!"